பலகை நிற்கும் இடம்

அந்த வீட்டில் மூக்குப்பொடி போடுகிற ஆள் யாருமில்லை. சிரில் இருந்த காலத்தில் சம்பள நாளன்று ஒரு சிகரெட் பிடிப்பார், அவ்வளவுதான். அவரும் போய்ச் சேர்ந்து, இப்போது அவர் மனைவி ஜெனவீவும் மகள் அக்னஸும் மட்டுமே மிச்சம். அப்படியிருக்க, சாயந்திரம் வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றப் படுக்கையறைக்குள் போன ஜெனவீவின் மூக்கில், மழை வரப்போகிற ஈரக்காற்றையும் அடுத்த வீட்டுச் சம்பல் வாடையையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, காரமாக, நெய் கலந்த புகையிலை நெடி ஏறியது. அலமாரிப் பக்கமிருந்துதான் வந்தது. குனிந்து பார்த்தாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், சிமெண்டுத் தரையில், பழுப்பாக ஒரு சிட்டிகைத் தூள்.

"அக்னஸ், யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வரப்போறா? நானும் ரேடியோவும்தான்," என்றாள் அக்னஸ் அடுப்படியிலிருந்து.

ஜெனவீவ் தும்மிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தாள். எறும்பு மருந்தாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எறும்பு மருந்துக்குத் தும்மல் வராது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். அந்த நெடி யாருடையது என்பதும் தெரியும். நினைக்கப் பிடிக்காததை நினைக்காமலிருக்க மனிதர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

வீடு பெரிய ரோட்டை ஒட்டியிருந்தது. மெர்போக் பக்கமிருந்து செம்பனைக் குலை ஏற்றி வருகிற லோரி கடக்கும்போதெல்லாம் தரை நடுங்கும், அவள் கல்யாணத்துக்கு வந்த அந்தப் பழைய அலமாரி சுவரில் போய் டொக் டொக்கென்று இடிக்கும். முந்தாநாள்தான் அதற்கு ஒரு வழி பண்ணினாள். ஒரு பலகையை நெட்டுக்குத்தாக அந்தச் சந்தில் செருகினாள், அளவெடுத்துச் செய்ததுபோல் போய் நின்றது. இடி நின்றுபோயிற்று. அன்றைக்கு அவளுக்கு ஒரே பெருமை.

அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

ஜெனவீவ் டவுன் நகராண்மைக் கழகத்தின் பதிவறையில் கிளார்க்காக இருந்தவள். கழகம் பிறந்த நாளிலிருந்து சேர்ந்த காகிதம் முழுக்க, கடை லைசென்ஸும் வீட்டு வரைபடமும் சாக்கடைத் தகராறும், அந்த அறையில் கூரை தொடும் மர அடுக்குகளில் நிற்கும். அங்கே ஒரு பழக்கம். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஃபைல் உயரத்தில் ரப்பர் மரப் பலகை உண்டு. சாம்பல் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் பெயர் எழுதியிருக்கும். ஒரு ஃபைலை எடுத்தால் அந்த இடத்தில் உன் பலகையை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். பலகை நின்றால், இங்கிருந்து ஒன்று வெளியே போயிருக்கிறது, இன்னார் கையில் இருக்கிறது, திரும்பி வரும் என்று அர்த்தம். வந்ததும் வைத்தவரே உருவிக்கொள்வார். அடுத்தவர் பலகையில் கை வைக்கக் கூடாது. எதையும் எடுக்காமல் சும்மா ஒரு பலகையை நிறுத்துவது அதைவிடப் பெரிய தப்பு. பலகை நிற்கிறதென்றால் ஏதோ ஒன்று எடுபட்டிருக்க வேண்டும். அந்த அறையில் அதுதான் சட்டம்.

தலைமைக் கிளார்க்காக இருந்தவர் வீரசாமி ஐயா. ஒரு ஃபைலைக் கையில் எடுத்தால் எழுத்து விடாமல் படித்து முடிக்காமல் கீழே வைக்க மாட்டார். விரலை நாக்கில் தொடுவார், சர்ரென்று தாளைத் திருப்புவார், ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுவார், மறுபடி விரல், மறுபடி தாள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சாயந்திரம் எஸ்டேட் ரோடு ஃபைல் ஒன்றை எடுத்துக்கொண்டு, தன் பலகையை அங்கே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனவர், விடியும்போது உயிரோடு இல்லை. ஃபைலும் இல்லை. வீடெல்லாம் தேடினார்கள், பஸ் டிப்போவில் விசாரித்தார்கள், ஊஹூம். பலகை மட்டும் நின்றுகொண்டே இருந்தது. "ஐயா இன்னும் படிச்சு முடிக்கல லா," என்பான் பியூன் முருகையா. எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

எண்பத்தைந்தில் மேலிடத்து உத்தரவு வந்தது. பதிவறை இனிமேல் கழகத்துக்குக் கீழே இல்லை, தனி நிர்வாகம். தனி வாரியம், தனிக் கணக்கு, தனி இடம். மெர்போக்கில் மூடிக்கிடந்த எஸ்டேட் ரப்பர் ஸ்டோருக்குச் சுண்ணாம்படித்து அங்கே கொண்டுபோனார்கள். பொறுப்புக்கு வந்தவன் எர்னஸ்ட், பினாங்கில் படித்த பையன், டை கட்டுவான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான், குறை சொல்ல முடியாது. "ஆன்ட்டி, புது இடத்துல எல்லாம் கார்டு சிஸ்டம். இங்க ஒரு துரும்பு மிச்சம் இருக்கக் கூடாது. ரூம் காலின்னாத்தான் கழகத்துல திரும்ப வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவாங்க," என்றான்.

கடைசி லோரி கிளம்புகிற நேரம், காலி அடுக்கில் வீரசாமியின் பலகை மட்டும் நின்றது. முருகையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். லோரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். "செத்தவரு வந்து உருவுவாரா?" என்று ஜெனவீவே போய் உருவினாள். நல்ல கெட்டியான பலகை, எறிய மனசு வரவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அத வீட்டுக்கா கொண்டுபோறீங்க?" முருகையாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"வேற என்ன, உன் தலையிலயா வைக்கட்டும்?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தப் பலகைதான் அலமாரிச் சந்தில் நின்றது.

மூக்குப்பொடியைத் துடைத்த மறுநாள், அக்னஸின் பிறப்புப் பத்திரத்தைக் காணவில்லை.

அக்னஸுக்கு அலோர் ஸ்டாரில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பத்திரங்களோடு போய் நிற்க வேண்டும். சிரில் போன பிறகு ஜெனவீவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளர்த்த ஒரே பிள்ளை, அவளுடைய உலகமே அதுதான். பத்திரமெல்லாம் அலமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். திறந்தால் பிறப்புப் பத்திரம் இல்லை, பள்ளிச் சான்றிதழ் இல்லை. அவை இருந்த இடத்தில் பழுப்புத் தூள்.

"எங்கடி வச்ச?"

"நான் தொடவே இல்லம்மா!"

"கால் முளைச்சு நடந்துச்சா? இனிமே நகல் கேட்டு எழுதணும், உன் ஸ்கூலோட முழுப் பேரச் சொல்லு!"

அக்னஸ் வாயைத் திறந்தாள். புருவத்தைச் சுருக்கி, எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வாசல்வரை வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று மறந்துபோன ஆள் மாதிரி. "எந்த ஸ்கூல்... பேரு வாயில வருது... வரமாட்டேங்குது," என்று சிரித்தாள். பதினொரு வருஷம் படித்த பள்ளி. ஜெனவீவுக்குக் கோபம் அப்படியே வற்றிப்போயிற்று. பரீட்சை, பயிற்சி, ஊர் விட்டுப் போகிற பயம், பிள்ளை பாவம் குழம்பியிருக்கிறது என்று நினைத்தாள்.

அன்று பொழுது சாயும்போது பெருமழை பிடித்துக் கரண்ட் போய்விட்டது. தகரக் கூரையில் மழை கொட்ட, வாசல் கால்வாய் நிரம்பித் தவளைகள் கத்த, மெழுகுவர்த்திப் புகையும் நனைந்த செருப்பின் ரப்பர் நாற்றமும் கலந்த இருட்டில் தாயும் மகளும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மழை கொஞ்சம் மூச்சு வாங்கிய இடைவெளியில் படுக்கையறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது.

சர்ர்.

பிறகு ஒன்றுமில்லை. ஒருவர் நிதானமாக ஒரு பக்கம் படித்து முடிக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை.

சர்ர்.

"பல்லியாம்மா?"

"பல்லிதான்."

அக்னஸ் மெழுகுவர்த்தியில் வடிந்த மெழுகைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். சுவரில் மாலை போட்ட சிரில் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அம்மா, கோவிச்சுக்காதே," என்றாள் மெதுவாக. "அப்பா பேரு என்னா?"

மாதாவே, என்று மட்டும் ஜெனவீவின் வாயில் வந்தது.

மறுநாள் மெர்போக்கில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு வாசனைக்குக் கீழே பழைய ரப்பர் புகையின் புளிப்பு இன்னும் போகாத அந்தப் பெரிய கொட்டகையில், எர்னஸ்ட் ஒரு ஃபைலைத் தூக்கிக் காட்டினான். "ஆன்ட்டி, நம்ம காணாமப்போன ஆளு வந்துட்டாரு! எஸ்டேட் ரோடு ஃபைல். முதல் பெட்டியில, மேலாக்க இருந்துச்சு. யாரு வச்சதுன்னே தெரியல."

"எந்தப் பெட்டி? அத நான்தானே கட்டினேன். அதுல அது இல்லையே தம்பி."

"இருக்கே. ஆனா ஒண்ணுக்கும் ஆகாது, பாருங்க."

பிரித்துக் காட்டினான். தாள் எல்லாம் இருந்தது, வரிசையாக, கயிறு கோத்து. எழுத்துதான் இல்லை. டைப் அடித்ததில்லை, மசியில்லை, முத்திரையில்லை. ஒவ்வொரு தாளின் ஓரமும் மட்டும் எச்சில் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருந்தது. மூக்குப்பொடி நெடி முகத்தில் அறைந்தது.

ஐயா படித்து முடித்துவிட்டார். அவருடைய பலகையை உருவியதும் ஃபைலைத் திருப்பி வைத்துவிட்டார், உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல். இப்போது அதே பலகை அவள் வீட்டில் நிற்கிறது. எதுவும் எடுபடாத இடத்தில் அவளே கொண்டுபோய் நிறுத்தினாள். பலகை நின்றால் ஏதோ ஒன்று எடுபட்டிருக்க வேண்டுமே.

எர்னஸ்ட் பேசிக்கொண்டே இருந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அக்னஸ் நன்றாகத்தான் இருந்தாள், கட்டிலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டு. ஜெனவீவ் அலமாரிச் சந்தில் கையை விட்டுப் பலகையை ஒரே இழுப்பில் உருவினாள். ரோட்டில் லோரி எதுவும் போகவில்லை. அலமாரி சுவரில் ஒரு தடவை இடித்தது. எரித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, கை வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவோம், அவருடையது அவரிடம், நம்முடையது நம்மிடம்.

"நீ இங்க இருக்காதே. பக்கத்துல பிரேமாவதி அக்கா வீட்டுக்குப் போ. நான் வர்ற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்காதே. கேட்டியா?"

"சரிம்மா." சரியென்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண் அம்மாவின் முகத்தை ஒரு கணம் யோசித்துப் பார்த்தாள். அந்த ஒரு கணம் ஜெனவீவை டவுன்வரை துரத்தியது.

கழகத்துக் கவுண்டரில் இருந்தவன் கையை விரித்தான். "பதிவறையா? அது இப்ப தனி நிர்வாகம் லா. எங்க பொறுப்பு இல்ல, சாவியும் இங்க இல்ல." பொதுத் தொலைபேசியிலிருந்து எர்னஸ்டைக் கூப்பிட்டாள். "ஃபைல்தான் ஆன்ட்டி எங்களோடது. கட்டடம் கழகத்தோடது. சாவி அவங்ககிட்டதானே இருக்கணும்?" மறுபடி கவுண்டர். போன வாரம்வரை அவள் நாள் தவறாமல் திறந்து மூடிய அறை அது, இன்றைக்கு அதற்கு நாதியில்லை. நல்லவேளை, முருகையா புது இடத்துக்குப் போகாமல் கழகத்திலேயே வேலையில் தங்கியிருந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். பின்பக்கம் கூட்டிப்போய், தாழ்ப்பாள் உளுத்துப்போன கதவைத் தோளால் தள்ளித் திறந்தான்.

உள்ளே அடுக்குகள் இல்லை.

"நேத்துதான் பழைய சாமான்காரன் அத்தனையும் பிரிச்சு ஏத்திட்டுப் போனான்," என்றான் முருகையா. வெறும் சிமெண்டுத் தரை. அடுக்குகளின் கால்கள் நின்ற இடத்தில் வெளிறிய சதுரங்கள். கண்ணாடி உடைந்த ஜன்னல் வழியே மழைச்சாரல். அவள் நினைவிலிருந்து அளந்து, அந்த இடம் இதுதான் என்று பட்ட இடத்தில் பலகையை நிறுத்தினாள். கையை எடுத்தாள். விழுந்தது. மறுபடி நிறுத்தினாள். விழுந்தது. விழுகிற ஓசை ஒவ்வொரு தடவையும் காலி அறையைச் சுற்றி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. இரண்டு பக்கமும் அணைக்க ஒன்றுமில்லாத இடத்தில் பலகை எப்படி நிற்கும்?

"விடுங்கக்கா. கீழ கிடந்தா அது வெறும் கட்டைதான். வாங்க, வாங்க போயிரலாம்."

குப்புறக் கிடந்தது. பெயர் தரைப்பக்கம். அவள் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, இத்தனை நாளில் முதல் முறையாக மூச்சு முழுசாக இறங்கியது. நெடி இல்லை. கைவிரலை முகர்ந்தாள், மழையும் இரும்பும்தான் மணத்தது.

வீட்டுக்கு வரும்போது அடுப்படி விளக்கு எரிந்தது. கொடியில் துணி இல்லை. மழை வந்ததும் பிள்ளை ஓடிவந்து எடுத்திருக்கிறாள். சொன்னால் கேட்கிறாளா பார்! ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"அக்னஸ்!"

"தே கலக்குறேன்மா!" குரல் தெளிவாக, பழையபடி. ஜெனவீவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

படுக்கையறைக்குள் போனாள். அலமாரி திறந்திருந்தது. டின் திறந்திருந்தது. உள்ளே பத்திரங்கள். வந்துவிட்டன, எல்லாமே வந்துவிட்டன. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறப்புப் பத்திரத்தை விரித்தாள்.

வெள்ளை.

சான்றிதழ். வெள்ளை.

ஞானஸ்நானக் கார்டு. அதை அவர் எப்போது எடுத்தார்? வெள்ளை. ஓரத்தில் மட்டும் பழுப்பு விரல் தடம், இன்னும் ஈரமாக.

"அக்னஸ்?"

ரேடியோ பாடியது.

"அக்னஸ்!"

அடுப்படிக்கு ஓடினாள். மேசையில் இரண்டு கிளாஸ் தேநீர். ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒன்றில் கரண்டி இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி. மேசைக்கு அந்தப் பக்கம், அக்னஸ் எப்போதும் உட்காருகிற நாற்காலி, உட்கார இழுத்துப் போட்டபடி.

நாற்காலியில் பலகை நின்றது.

எதிலும் சாயாமல். நேராக. மேசைக்கு முகம் காட்டி. சாம்பல் பெயிண்ட். வெள்ளை எழுத்து. வீரசாமி.

அவள் பாய்ந்தாள். உருவி அடுப்பில் போட, வெட்டிப் பிளக்க, எதற்கென்றே தெரியாமல் பாய்ந்தாள். விரல் மரத்தில் பட்டது. அங்கேயே உறைந்தது. உருவினால் திருப்பி வைத்துவிடுவார். எஸ்டேட் ரோடு ஃபைலைத் திருப்பி வைத்ததுபோல. பத்திரங்களைத் திருப்பி வைத்ததுபோல. பிள்ளை வந்து இந்த நாற்காலியில் உட்காருவாள். கையும் காலும் முகமுமாக, வரிசை கலையாமல். உள்ளே வெள்ளையாக.

பலகை நிற்கும்வரை, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.

ரேடியோவைத் தாண்டி, வீட்டுக்குள் எங்கேயோ.

சர்ர்.

தரை லேசாக அதிர்ந்தது. மெர்போக் பக்கமிருந்து லோரி. மேசையில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. அலமாரி சுவரில் இடித்தது. டொக். டொக். நாற்காலியில் பலகை ஆடியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஜெனவீவ் தரையில் மண்டிபோட்டாள். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள். விழவிடாமல். நேராக.

லோரி போய்விட்டது. அவள் கையை எடுக்கவில்லை. ரோட்டில் அடுத்ததன் விளக்கு ஜன்னலில் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

சர்ர்.

"மெதுவா," என்றாள். "மெதுவாப் படிங்க, ஐயா."